வேலைத்தலமும் வாய்ப்பேச்சும்: சமூக ஊடகத் தடை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வேலை நேரத்தில் ஊழியர்கள் முகநூல், வாட்ஸப் முதலிய சமூக ஊடகங்களைப் பயன்படுத்துவதைத் தொழில்தருநர் கட்டுப்படுத்தலாமா என்னும் வினா இன்று பலவிடங்களிலும் எழுப்பப்பட்டு வருகின்றது. முகாமைத்துவம் பயில்வோர் உற்பத்தித்திறன் என்னும் கோணத்திலிருந்தும், சட்டம் பயில்வோர் அந்தரங்க உரிமை என்னும் கோணத்திலிருந்தும் இதனை அணுகுவர். இரு சாராரிடமும் பொதுவாகக் காணப்படும் ஓர் எண்ணம் உண்டு. இப்பிரச்சினை கைத்தொலைபேசியுடன் பிறந்தது என்பதே அது. கருவி புதியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சம்பளத்துக்கு வாங்கப்பட்ட நேரத்தில் தொழிலாளி யாருடன் பேசலாம், எதை வாசிக்கலாம், எதற்குச் செவிகொடுக்கலாம் என்ற வினாவுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் சில கட்டங்களை எடுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேலைத்தலத்துப் பேச்சும் வாசிப்பும் தடைசெய்யப்பட்ட போதெல்லாம் பெரும்பாலும் நேரவிரயமே காரணமாகக் கூறப்பட்டது. அக்காரணத்தை முற்றாகப் பொய்யெனத் தள்ளிவிடுதல் தவறாகும். ஆனால் தடை எக்காலத்தில் வந்தது, யார்மீது வந்தது, எத்தகைய பேச்சுக்கு எதிராக வந்தது என்பவற்றை நுணுகி ஆராயுமிடத்து, நேரக்கணக்கினால் மாத்திரம் விளக்கமுடியாத ஓர் அம்சம் தென்படுகின்றது. தொழிலாளர் தமக்குள்ளே பேசிக்கொள்வதும், வெளியுலகச் செய்திகளைக் கூட்டாக அறிந்துகொள்வதும் தொழில்தருநருக்கு அளித்த அச்சமே அதுவாகும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் இன்றைய வினாவுக்கு நேர்மையான விடை கூறுதல் இயலாது என்பது எமது கருத்து.

கைத்தொழிற் புரட்சிக்கு முற்பட்ட சமுதாயங்களில் வேலையும் பேச்சும் பிரிந்திருக்கவில்லை. நாற்று நடுவோரும், நெல் குற்றுவோரும், ஏற்றம் இறைப்போரும் பாடிக்கொண்டே வேலை செய்தனர் என்பது எம்மவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. இங்கிலாந்தின் நெசவாளரும் தம் வீட்டுத் தறியிலிருந்தே நெய்தனர். வேலை இருக்கும் நாளில் இரவு பகலாக நெய்து, திங்கட்கிழமையை விடுமுறையாக்கிக் கொள்ளும் வழக்கமும் அவர்களிடையே பரவலாக இருந்தது. அவ்வழக்கத்துக்குப் ‘புனிதத் திங்கள்’ என்ற பெயரை அவர்களே வேடிக்கையாக இட்டிருந்தனர். ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றிலே, செய்பொருளை அளவாகக் கொண்ட உழைப்பு, கடிகாரத்தை அளவாகக் கொண்ட உழைப்பாக மாறியமையை விரிவாக ஆராய்ந்துள்ளார். நேரம் விலைக்கு வாங்கப்பட்ட பின்னரே அதனைத் ‘திருடுதல்’ என்ற குற்றமும் தோன்றமுடியும். பேச்சு இக்குற்றப் பட்டியலில் எப்பொழுது சேர்ந்தது என்பதே எமக்கு முக்கியமாகின்றது.

இதற்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, 1700ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் வடகிழக்கிலே பேரிரும்பாலைகளை நடத்திவந்த அம்புரோஸ் குரோலி என்பவரின் சட்டப் புத்தகமாகும். ஒரு தனி நிறுவனத்தின் ஒழுங்குவிதிகள் இலட்சம் சொற்களுக்கு மேல் நீண்டிருந்தன என்பதே வியப்புக்குரியது. அதில் வரும் ஒரு விதி, தொழிலாளியின் நாளைக் கணக்கிடும் முறையைக் கூறுகின்றது. காலை 5 மணி முதல் இரவு 8 மணி வரை பதினைந்து மணித்தியாலம். உணவு முதலியவற்றுக்கு ஒன்றரை மணித்தியாலம் கழித்தால் எஞ்சுவது பதின்மூன்றரை மணித்தியாலத் தூய உழைப்பு. மதுச்சாலைக்கும் கோப்பிக்கடைக்கும் செல்லல், விளையாடல், உறங்கல், புகைத்தல், பாடல், சச்சரவிடல், செய்தி வாசித்தல் ஆகியன இந்நேரத்திலிருந்து தனியாகக் கழிக்கப்பட வேண்டும். முதலாளியின் அலுவலுக்குப் புறம்பான எதுவும் அவ்வாறே கழிக்கப்படும் என்றும் விதி முடிகின்றது.

செய்தி வாசித்தல் உறக்கத்துடனும் சச்சரவுடனும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பது மனங்கொள்ளத்தக்கது. இன்றைய நிறுவனங்களின் இணையப் பயன்பாட்டு விதிகளை வாசித்தோர், அப்பட்டியலைக் கண்டதும் பழகிய முகமொன்றைக் கண்டாற்போலப் புன்னகைக்கக்கூடும். குரோலியின் விதிகளில் மற்றொன்றும் உண்டு. ஆலையின் கடிகாரத்தைக் கண்காணிப்பாளர் தவிர வேறெவரும் தொடமுடியாதபடி பூட்டிவைத்தல் வேண்டும் என்பது அது. நேரத்தை அளக்கும் கருவி ஒரு சாராரின் கையில் மாத்திரம் இருந்த ஓர் உலகில் இவ்விதிகள் எழுதப்பட்டன என்பதை நாம் மறத்தலாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நெசவாலைகளில் பேச்சைத் தடுக்க விதியே தேவைப்படவில்லை எனலாம். தறிகளின் இரைச்சல் அப்பணியைச் செவ்வனே செய்தது. எனினும் லங்காசயர்ப் பகுதியின் நெசவுப் பெண்கள், உதட்டசைவைப் பெரிதாக்கியும் கைச்சைகைகளைச் சேர்த்தும், கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஊர்க்கதை பேசும் வழக்கமொன்றை வளர்த்துக்கொண்டனர். தறியை விட்டகலாது, கையை நிறுத்தாது நடைபெற்ற பேச்சு அது. வேலையும் பேச்சும் ஒன்றையொன்று கெடுத்தே தீரும் என்ற எடுகோள் எவ்வளவு தூரம் சரியானது என்பதை இவ்வழக்கம் ஐயத்துக்குள்ளாக்குகின்றது.

அந்த எடுகோளை முழுமையாகச் சோதித்துப் பார்க்கத்தக்க ஓர் உதாரணம் கியூபாவிலே கிடைக்கின்றது. சுருட்டுக் கைத்தொழில் யாழ்ப்பாணத்தவர்க்கு அந்நியமானதன்று. ஆதலால் இவ்வுதாரணத்தைச் சற்று விரித்துரைத்தல் பொருந்தும். சுருட்டுச் சுற்றுதல் இயந்திர இரைச்சலற்ற கைவேலை. கண்ணும் கையும் ஈடுபட்டிருக்கச் செவி ஓய்ந்திருக்கும். 1865ஆம் ஆண்டு டிசெம்பரில் அவானா நகரின் எல் பிகாரோ சுருட்டாலைத் தொழிலாளர் ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டனர். தம்முள் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றையோர் சுற்றிக்கொண்டே கேட்பது. வாசித்தவருக்கு அந்நேரத்தில் ஏற்படும் வருமான இழப்பை ஏனையோர் பகிர்ந்து ஈடுசெய்வது. அதே ஆண்டு ஒக்டோபரில் சற்றுணினோ மார்த்தினேஸ் என்ற சுருட்டுத் தொழிலாளி தொடங்கிய ‘லா அவ்ரோரா’ என்னும் தொழிலாளர் பத்திரிகை இவ்வழக்கத்தை ஊக்குவித்தது. சில வாரங்களிலேயே பர்தகாஸ் முதலிய பெரும் சுருட்டாலைகளுக்கும் அது பரவியது. எழுத்தறிவற்றோர் பெருந்தொகையினராக இருந்த காலத்தில், ஒரு கூடத்திலிருந்த நூற்றுக்கணக்கானோர் ஒரே வேளையில் ஒரே செய்தியையும் ஒரே கதையையும் கேட்டறியும் நிலை உருவாயிற்று.

இவ்வழக்கம் ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. 1866ஆம் ஆண்டு மே 14ஆம் திகதி ஸ்பானிய ஆட்சித்தலைவர் வெளியிட்ட கட்டளையொன்று, சுருட்டாலைகளிலும் ஏனைய பட்டறைகளிலும் நூல்களையும் பத்திரிகைகளையும் வாசிப்பதன் மூலமோ, தொழிலுக்குப் புறம்பான விவாதங்கள் மூலமோ தொழிலாளரின் கவனத்தைத் திருப்புதல் ஆகாது எனத் தடைவிதித்தது. குரோலியின் விதியிலே கண்ட ‘புறம்பானவை’ என்ற கருத்து, ஒன்றரை நூற்றாண்டு கழித்து வேறொரு மொழியில், வேறொரு கண்டத்தில் மீண்டும் தோன்றுகின்றது.

சுருட்டுத் தொழிலாளருக்கு நாட்கூலி இல்லை. சுற்றிய எண்ணிக்கைக்கே கூலி. வாசிப்பினால் கவனம் சிதறிக் கை தளர்ந்திருப்பின் முதல் இழப்பு தொழிலாளிக்கே உரியது. வாசிப்பவருக்குரிய பணத்தையும் அவரே கொடுத்தார். ஆகவே முதலாளியிடமிருந்து நேரம் திருடப்பட்டது என்ற வாதம் இங்கு பெரிதும் வலுவிழந்துவிடுகின்றது. பின் எதற்காகத் தடை? வாசிப்பு நல்லொழுக்க நூல்களிலிருந்து அரசியலுக்கு நகர்ந்துவிடும் என்று பழமைபேண் பத்திரிகைகள் எச்சரித்தமையே அதற்கு விடை கூறுகின்றது. ஸ்பானிய ஆட்சிக்கெதிரான பத்தாண்டுப் போர் 1868இல் மூண்டது.

போர்க்காலத்தில் புலம்பெயர்ந்த சுருட்டுத் தொழிலாளர் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு வாசகரையும் தம்முடன் கொண்டுசென்றனர். கீ வெஸ்ற்றிலும், பின்னர் 1880களில் தம்பா நகரின் அருகே தோன்றிய ஈபோர் சிற்றியிலும் ஒவ்வோர் ஆலையிலும் வாசகருக்கென உயர்ந்த மேடை அமைக்கப்பட்டது. காலையிற் பத்திரிகை, மாலையில் நாவல். எந்த நாவலை வாசிப்பதென்பதைத் தொழிலாளர் வாக்கெடுப்பினால் தீர்மானித்தனர். செர்வாந்தேசும் விக்ரர் கியூகோவும் சோலாவும் இம்மேடைகளிலிருந்து ஒலித்தனர். போட்டோ ரிக்கோவைச் சேர்ந்த தொழிற்சங்கவாதி லூயிசா கப்பெத்தியோ போன்ற பெண்களும் வாசகராகப் பணியாற்றினர். கியூபாவின் விடுதலை இயக்கத் தலைவரான கொசே மார்த்தி 1891 நவெம்பரில் தம்பாவுக்கு வந்து உரையாற்றியபோது, ஆண்டுக்கணக்கில் செய்தி கேட்டுப் பழகிய செவிகள் அவர்முன் இருந்தன. அவரது இயக்கத்துக்குச் சுருட்டுத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து பணமும் கொடுத்தனர்.

1931 நவெம்பரில், பொருளாதார மந்தம் கடுமையாக இருந்த வேளையில், தம்பாவின் ஆலை முதலாளிகள் வாசகர்களை ஒருங்கே நீக்கினர். தீவிரவாதப் பிரசாரம் வாசிக்கப்படுகின்றது என்பது அவர்கள் கூறிய காரணம். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், வெற்றி கிட்டவில்லை. ஆலைகள் மீண்டும் திறந்தபோது வாசகர் மேடைகள் இல்லை. பின்னர் அவ்விடத்தில் வானொலிப் பெட்டி வந்தது. ஓசை தடைசெய்யப்படவில்லை என்பதை இங்கு அவதானிக்கவேண்டும். செவிக்கு விருந்து தொடர்ந்தது. ஆனால் எதைக் கேட்பதென்ற தெரிவு தொழிலாளர் கையினின்றும் நீங்கியது. கியூபாவில் மாத்திரம் வாசகர் வழக்கம் அழியாது நிலைத்தது. 2012இல் அந்நாட்டரசு அதனைத் தேசத்தின் பண்பாட்டு மரபுரிமையாக அறிவித்தது.

ஐக்கிய அமெரிக்காவின் மோட்டார்க் கைத்தொழில் வேறொரு பாடத்தைத் தருகின்றது. ஹென்றி போட் 1913இல் நகரும் தொடர்வரிசை உற்பத்தியைத் தொடக்கினார். சலிப்பூட்டும் அவ்வேலையில் தொழிலாளர் தரிக்காது விலகிச் சென்றமையால் 1914 யனவரியில் நாளொன்றுக்கு ஐந்து டொலர் என்னும் உயர்ந்த ஊதியத்தை அறிவித்தார். உயர்ந்த ஊதியத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. நிறுவனத்தின் ‘சமூகவியற் பகுதி’யினர் தொழிலாளியின் வீட்டுக்கே சென்று, அவர் குடிக்கின்றாரா, சேமிக்கின்றாரா, வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கின்றாரா என விசாரித்தனர். ஊழியரின் முகநூற் பக்கத்தைத் துருவும் இன்றைய முகாமையாளரின் முன்னோரை நாம் இங்கே சந்திக்கின்றோம். பிற்காலத்தில் போட்டின் றூஜ் ஆற்றங்கரைத் தொழிற்சாலையில் பேச்சுக்கும் சிரிப்புக்கும் கடுந்தடை நிலவியது. உதடு அசையாமற் பேசும் கலையொன்றைத் தொழிலாளர் பயின்றனர். அது ‘போட் முணுமுணுப்பு’ என்றே பெயர்பெற்றது. 1937 மே மாதத்தில் அத்தொழிற்சாலை வாயிலில் துண்டுப்பிரசுரம் விநியோகிக்க வந்த தொழிற்சங்கத்தினர் நிறுவனத்தின் காவலரால் அடித்து நொறுக்கப்பட்டனர். 1941இல் தொழிற்சங்கத்துடன் உடன்படிக்கை ஏற்பட்ட பின்னரே இந்நிலை மாறியது.

முகாமைத்துவ இயலின் தோற்றத்தோடு தொடர்புடைய கோதோன் பரிசோதனைகளையும் இங்கு குறிப்பிடுதல் தகும். சிக்காகோவையடுத்த வெஸ்ரேண் இலக்றிக் தொழிற்சாலையில், தொலைபேசி உறுப்புகளைப் பொருத்தும் ஐந்து பெண்கள் 1927 முதல் தனியறையொன்றில் இருத்தப்பட்டனர். ஓய்வுநேரம், வேலைநாளின் நீளம் முதலியன மாற்றப்பட்டு அவர்தம் உற்பத்தி அளக்கப்பட்டது. பெருங்கூடத்தில் இருந்ததைவிட அவ்வறையில் அவர்கள் தாராளமாகப் பேச இடமிருந்தது. காலப்போக்கில் உற்பத்தி கணிசமாக உயர்ந்தது. மனித உறவுகளும் மனநிறைவும் உற்பத்தியைப் பெருக்கும் என்ற கொள்கைக்கு எல்ற்றன் மேயோ முதலியோர் இதனை ஆதாரமாகக் காட்டினர். பாடநூல்கள் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடும். 1928 யனவரியில் அவ்வைவருள் இருவர் அளவுக்கு மிஞ்சிப் பேசுகின்றனர், ஒத்துழைக்கின்றாரில்லை என்று நீக்கப்பட்டு வேறிருவர் சேர்க்கப்பட்டனர் என்பது அதிகம் எடுத்துரைக்கப்படுவதில்லை. பேச்சு அனுமதிக்கப்பட்டது, பேச்சின் எல்லையை வகுக்கும் அதிகாரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1940 யூனில் தொழிற்சாலைத் தொழிலாளருக்கென இசை நிகழ்ச்சியொன்றைத் தொடங்கிப் பல்லாண்டுகள் நடத்தியதும் இதே வகையினது. கவனச்சிதறல் எனக் கருதப்பட்ட இசை, போர்த்தளபாட உற்பத்தியைக் கூட்டும் சாதனமாயிற்று. கைதட்டலுக்கு இடம்வைத்து அமைந்த ஓர் அமெரிக்கப் பாடல் மாத்திரம், தொழிலாளர் கருவிகளைக் கீழேவைத்துத் தாளமிடுவர் என்ற அச்சத்தால் அந்நிகழ்ச்சியினின்றும் விலக்கப்பட்டதாம்!

எமது நாட்டு வரலாற்றிலும் இவ்விடயத்துக்கு நேர்த்தொடர்புடைய அத்தியாயம் ஒன்றுண்டு. மலையகப் பெருந்தோட்டங்களில் தொழிலாளரின் நாள் அதிகாலைத் தப்பொலியுடன் தொடங்கிப் பிரட்டுக்களத்தின் பெயர்க்கணக்குக்கு உட்பட்டது. கொழுந்தெடுக்கும் பெண்கள் நிரையிலே பேசுவதைக் கங்காணி அதட்டுவதுண்டு. ஆனால் தோட்ட நிர்வாகத்தின் கவலை அந்தப் பேச்சன்று. வெளியிலிருந்து வரும் ஆளும் வெளியிலிருந்து வரும் அச்செழுத்துமே துரைமாரை உறுத்தின. வேலை முடிந்த பின்னும் தொழிலாளி உறங்கிய லயன் தோட்டத்தின் சொத்தாக இருந்தமையால், அனுமதியின்றி நுழைபவர் மீது அத்துமீறற் குற்றம் சுமத்தப்படலாயிற்று. 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்திய கோ. நடேசய்யர், தோட்டங்களின் நிலையை நேரில் அறியப் புடைவை வியாபாரியாக வேடம்பூண்டு உட்சென்றார் என அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையார் பாடல்கள் மூலம் தொழிலாளரிடையே கருத்துப் பரப்பினார். 1931இல் அட்டனை மையமாகக் கொண்டு நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்.

தோட்டத்தில் வேலை நேரத்துக்கும் ஓய்வு நேரத்துக்கும் இடையே எல்லைக்கோடு இருக்கவில்லை என்பது எமது பொருளுக்கு மிக முக்கியமானது. நேரவிரயமே தடைக்குக் காரணமாயின், இரவு லயனில் நடைபெறும் பேச்சைத் தடுக்க நியாயமேது? தடை கடிகாரத்தைத் தாண்டிச் செல்லும் இடத்திலேயே அதன் உண்மைநோக்கு வெளிப்படுகின்றது.

அமெரிக்கச் சட்டம் இவ்வெல்லைக்கோட்டையே பிடித்துக்கொண்டது. 1945இல் விமான உற்பத்தி நிறுவனமொன்று தொடர்பான வழக்கில், உணவு இடைவேளை போன்ற வேலையல்லாத நேரங்களில் தொழிற்சங்கம் பற்றித் தொழிலாளர் பேசுவதை, அது தொழிற்சாலை வளவினுள்ளே நிகழ்ந்தாலும், தொழில்தருநர் பொதுவாகத் தடைசெய்யமுடியாது என்ற நிலைப்பாட்டை உயர்நீதிமன்றம் ஏற்றது. வேலை நேரம் வேலைக்கு, இடைவேளை தொழிலாளிக்கு. நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு இதே விதி பொருந்துமா என்ற வினா எழுந்தபோது, தேசிய தொழிலுறவுச் சபை 2014இல் பொருந்தும் என்றும், 2019இல் பொதுவாகப் பொருந்தாது என்றும் மாறுபட்ட முடிவுகளைத் தந்தது. சபை உறுப்பினரை நியமிக்கும் அரசாங்கம் இடையில் மாறியிருந்தது.

முகநூல் பற்றிய ஆரம்ப வழக்குகளுள் ஒன்றும் இங்கு கவனத்துக்குரியது. கனெற்றிக்கட் மாநிலத்து அம்புலன்ஸ் நிறுவனமொன்றின் ஊழியர், தம் மேற்பார்வையாளரைப் பற்றித் தமது வீட்டுக் கணினியிலிருந்து கண்டித்தெழுதினார். சக ஊழியர் சிலரும் அவ்வுரையாடலிற் கலந்துகொண்டனர். அவர் வேலைநீக்கப்பட்டார். 2010இல் மேற்கூறிய சபை நிறுவனத்தின்மீது முறைப்பாடு தொடுத்தது. 2011இல் இணக்கம் ஏற்பட்டது. சம்பளம், வேலைநேரம், வேலைநிலைமை ஆகியவை பற்றி ஊழியர் தம்முட் பேசுவதைத் தடுக்கும்வகையில் அமைந்திருந்த தன் விதிகளைத் திருத்த நிறுவனம் உடன்பட்டது. வேலைத்தலத்திலிருந்து செலவான நிமிடம் ஒன்றுமில்லை. லயன் பேச்சை இங்கு நினைவுகூராதிருக்க முடியவில்லை.

ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் முன் வந்த ருமேனிய வழக்கு வேறு வகையினது. வாடிக்கையாளருக்குப் பதிலளிக்கவென நிறுவனத்தின் வேண்டுகோளின்படி யாகூ மெசென்சர்க் கணக்கொன்றைத் திறந்த பொறியியலாளர் ஒருவர், அதன்மூலம் தம் சகோதரருடனும் தாம் மணக்கவிருந்த பெண்ணுடனும் செய்தி பரிமாறியிருந்தார். நிறுவனம் 2007 யூலையில் அவற்றைப் பதிவுசெய்து, 45 பக்கப் படியெடுப்பை அவர்முன் வைத்து, அவரை நீக்கியது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு அங்கே தடையிருந்தது. அது அவருக்குத் தெரிந்தும் இருந்தது. 2016இல் நீதிமன்றத்தின் ஓர் அமர்வு நிறுவனத்தின் பக்கமே சாய்ந்தது. 2017 செப்டெம்பரில் பேரமர்வு 11க்கு 6 என்ற பெரும்பான்மையால் அதனை மாற்றியது. தடைவிதித்தல் வேறு, கண்காணித்தல் வேறு. கண்காணிப்பு உண்டென்பதும், அது செய்தியின் உள்ளடக்கம்வரை செல்லும் என்பதும் அவருக்கு முன்கூட்டி அறிவிக்கப்பட்டனவா என்பதை ருமேனிய நீதிமன்றங்கள் ஆராயவில்லை என்றது. வேலைத்தலத்தில் மனிதனின் சமூக வாழ்க்கையை ஒரு நிறுவனத்தின் கட்டளை முற்றாக இல்லாதொழிக்க முடியாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

இலங்கையில் 2022 செப்டெம்பரில் பொது நிருவாக அமைச்சு வெளியிட்ட சுற்றுநிருபம், அரசாங்க உத்தியோகத்தர் சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவதைத் தாபன விதிக்கோவையின் ஒழுக்காற்று விதிகளுக்குள் கொண்டுவந்தது. அவ்வாண்டின் முற்பகுதியில் நாடெங்கும் மக்கள் எழுச்சி நிகழ்ந்திருந்தமை யாவரும் அறிந்ததே. சுற்றுநிருபத்தின் அக்கறை உத்தியோகத்தர் எத்தனை மணித்தியாலம் கைத்தொலைபேசியில் செலவிடுகின்றனர் என்பதிலன்றி, என்ன எழுதுகின்றனர் என்பதிலேயே இருந்தது. அரசாங்க உத்தியோகத்தர் பதவிவழி அறிந்த இரகசியத்தைக் காக்கவேண்டும் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் இரகசியம் காத்தலும் கருத்து வெளியிடாதிருத்தலும் ஒன்றல்ல. 1866ஆம் ஆண்டின் அவானாக் கட்டளைக்கும் இதற்குமுள்ள உறவை வரலாற்று மாணவர் எளிதில் கண்டுகொள்வர்.

இவற்றைக் கொண்டு எல்லாத் தடைகளும் அடக்குமுறையே என முடிவுகட்டுவது அவசரத் தீர்ப்பாகும். 2008 செப்டெம்பர் 12ஆம் திகதி கலிபோணியாவின் சற்ஸ்வேத் என்னுமிடத்தில் பயணிகள் புகையிரதமொன்று சரக்குப் புகையிரதத்துடன் மோதி 25 பேர் மாண்டனர். சாரதி கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தி பரிமாறிக்கொண்டிருந்தமையால் சிவப்பு விளக்கைக் கவனியாது விட்டார் என்பது விசாரணையில் தெளிவாயிற்று. அடுத்த மாதமே அமெரிக்கப் புகையிரத அதிகாரசபை அவசரத் தடையைப் பிறப்பித்தது. அத்தடையைக் குறைகூறும் தொழிற்சங்கவாதி எவரும் இரார். சத்திரசிகிச்சைக்கூடத்திலும், பாரந்தூக்கியின் இயக்குகூண்டிலும், நோயாளியின் படம் வெளியேறக்கூடிய வாட்டிலும் இதே நியாயம் செல்லும். வேலையின் இயல்பே கவனத்தையும் இரகசியத்தையும் கோரும் இடங்கள் இவை. இங்கு தடை குறிப்பிட்ட செயலையும் குறிப்பிட்ட வேளையையும் பற்றியது. யாருடன் என்ன பேசினார் என்ற கேள்வி அதற்குள் நுழைவதில்லை. வரையறுத்த செயலுக்கும் வேளைக்கும் மேலாகத் தடை நீளுமாயின் அதனை நியாயப்படுத்தும் பொறுப்பு தொழில்தருநரையே சாரும் என்பது எமது நிலைப்பாடு. சாதாரண அலுவலகத்தில் வேலை நடைபெறவில்லையெனின், நடைபெறாத வேலையைக் கணக்கிட அங்கு வேறு வழிகள் பல உண்டு.

கடிகாரத்தைப் பூட்டிவைத்த குரோலி எதிர்பாராத ஒரு திருப்பமும் இன்று நிகழ்ந்துள்ளது. வேலை நேரத்துள் தொழிலாளியின் சொந்த வாழ்க்கை நுழைவதைப் பற்றியே இதுகாறும் பேசினோம். அதே கைத்தொலைபேசி வழியாகத் தொழிலாளியின் இரவினுள் வேலை நுழைகின்றது. அலுவலக நேரத்தில் வாட்ஸப்பைத் தடைசெய்யும் முகாமையாளரே இரவு ஒன்பது மணிக்கு அதே வாட்ஸப்பில் மறுநாட் பணியை அறிவிப்பதைக் காண்கின்றோம். பிரான்ஸ் 2016இல் நிறைவேற்றித் 2017 யனவரி முதல் நடைமுறைப்படுத்திய சட்டம், வேலை நேரத்துக்கு வெளியே மின்கருவிகளினின்றும் தொடர்பறுத்திருக்கும் உரிமையைப் பற்றி, ஐம்பது ஊழியருக்குக் குறையாத நிறுவனங்கள் அவர்தம் பிரதிநிதிகளுடன் பேசவேண்டும் என்கின்றது. இன்ன மணிக்குப் பின் செய்தி அனுப்பலாகாது என்று அச்சட்டம் எங்கும் கூறவில்லை. பேசித் தீர்மானிக்குமாறே கூறுகின்றது. இலங்கையின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இல் எழுதப்பட்டது. நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு நாற்பத்தைந்து என்று அது வரையறுக்கின்றது. இரவு ஒன்பது மணிச் செய்தியை வாசிக்கச் செலவாகும் ஐந்து நிமிடத்தை அந்த நாற்பத்தைந்தில் எவ்விடத்தில் எழுதுவது என்ற கேள்வியை, சமூக ஊடகத் தடைக்கான விதிகளை வரையும் முகாமையாளரிடமே முதலிற் கேட்கவேண்டியுள்ளது.